போய்ட்டு வரேன் என்று சொன்னவள்

ஆந்திர எல்லையோரம் பிச்சாட்டூர் பக்கம் யாராவது இறந்தால் 'செத்துட்டாரு' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'பூட்டாரு' என்பார்கள். கடைக்குப் போனாலும் பூட்டாருதான், கண்ணை மூடினாலும் பூட்டாருதான். எந்தப் பூட்டாரு என்பதைச் சொல்கிறவர் குரலை வைத்துக் கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்பனாவுக்கு அந்தச் சொல் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தகரத் தாழ்வாரத்தில், அடைமழைக்கு நடுவே வந்து சேர்ந்தது.

"அக்கா... நைனா பூட்டாருக்கா..."

தம்பி தமிழரசு தேம்பினான். அவனுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"எப்படா? எப்டிடா?"

"காலைலக்கா... நான்தான் இட்டுகினு வந்தேன்... என் கையப் புடிச்சிக்கினுதான் இருந்தாரு..."

அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அவன் போன் அணைந்து கிடந்தது. சாயங்காலம் அடித்த காற்றில் டவர் சாய்ந்து, இவள் பக்கமும் போன் செத்தது.

கல்பனா வேதம் வாசிக்கும் வீட்டில் பிறந்தவள் இல்லை. அப்பா ஏகாம்பரம் பலமனேர் தக்காளி மண்டியில் கூடை தூக்கி, அந்தக் காசில் பிச்சாட்டூர் அணைக்குக் கீழே துண்டு நிலம் வாங்கியவர். அம்மா மணியம்மா ஆடி மாதம் தவறாமல் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றியவள். சித்தூரில் நர்சிங் படிக்கப் போன இடத்தில் கல்பனா கிறிஸ்தவளானாள். ஞானஸ்நானத்தின்போது பிரிசில்லா என்று பேர் வைக்கலாமே என்றார்கள். "சர்டிபிகேட்ல கல்பனான்னு இருக்கு ஐயா. மாத்தணும்னா யாரு அலையறது?" என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கேட்டு வந்தவர்கள் சரியில்லை, சரியாக இருந்தவர்கள் கேட்டு வரவில்லை.

சாமி மாற்றியதற்காக ஏகாம்பரம் மகளோடு வெகுநாள் பேசவில்லை. மணியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் படுத்தபோது மகள்தான் கடைசிவரை மலம் மூத்திரம் அள்ளிப் போட்டாள். அதைப் பார்த்த பிறகு பேசினார். ஆனால் சர்ச் வாசலை மட்டும் அவர் மிதித்ததே இல்லை.

சித்தூர் சபை அவளை மலாவிக்கு அனுப்பியபோது ஏகாம்பரம் பிச்சாட்டூர் பஸ் நிறுத்தம் வரை வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டுக் கல்பனா, "கர்த்தருக்குச் சித்தமானா திரும்பி வந்து பாக்கறேன் நைனா" என்றாள். அவர்கள் சபையில் அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தார்கள். நாளை நம் கையில் இல்லை என்பதை மறக்கக் கூடாதாம்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது.

"இன்னா பேச்சு இது? உன் சாமிக்குச் சித்தம் கீதோ இல்லியோ, அது அவரு பாடு. நீ ஒழுங்கா போய்ட்டு வரேன்னு சொல்லு."

"அதான் நைனா சொன்னேன்."

"அதச் சொல்லல நீ. 'போறேன், முடிஞ்சா வரேன்'னு சொன்ன. எழவு வீட்லேர்ந்து கெளம்பறவதான் அப்டிப் போவா. போய்ட்டு வரேன்னு சொல்லு, அப்பதான் பஸ்ஸை விடுவேன்."

கண்டக்டர் விசில் அடித்தான். பஸ்ஸே சிரித்தது. "போய்ட்டு வரேன் நைனா" என்றாள் கல்பனா. கிழவர் படியிலிருந்து கையை எடுத்தார்.

போன இடத்தில் அவளுக்கு ஒரு புதிய பேர் கிடைத்தது. அந்த நாட்டில் வயதுவந்த பெண் யாரானாலும் 'அமாயி' என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம். கல்பனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சித்தூரில் தெலுங்குக்காரர்கள் சின்னப் பெண்ணைத்தான் அம்மாயி என்பார்கள். தலை நரைக்கிற வயதில் யாரோ தன்னை 'ஏ பொண்ணு' என்பதுபோல் இருந்தது.

இதைச் சிசோமோவிடம் சொன்னபோது அவள் கட்டில் அதிரச் சிரித்தாள்.

சிசோமோ அந்த ஆஸ்பத்திரியின் கடைசி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் வீட்டு மண்சுவர் சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. புருஷன் கொஞ்ச நாள் வந்தான், பிறகு வரவில்லை. போக வீடு இல்லாததால் ஆஸ்பத்திரியே வீடானது. அவள் பேருக்குக் கிருபை என்று அர்த்தம். "எனக்குக் கிடைத்த கிருபை பாதிக்கு மேல் இல்லை, பாருங்கள்" என்று தன் இடுப்பைக் காட்டிக் கேலி பேசுவாள்.

"உங்கள் ஊரில் அமாயி என்றால் பெண்பிள்ளையா? அப்படியானால் அங்கே வந்தால் நான் அமாயி. இங்கே நீங்கள் அமாயி. ஆளுக்கொரு ஊரில் அமாயியாக இருப்போம்" என்றாள்.

அவளைப் பார்த்துக்கொள்வது கல்பனாவின் வேலை. உணர்வில்லாத உடம்பு வலி சொல்லாது. நாம்தான் அதற்குப் பதிலாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். மணி பார்த்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துணி. புட்டத்து எலும்பின்மேல் படுக்கைப் புண் ஒன்று கல்பனா அங்கு போய்ச்சேரும் முன்பே வந்திருந்தது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பழுத்த பப்பாளியை மசித்துக் கட்டி, வருடக்கணக்கில் உழைத்து, அதைப் புளியங்கொட்டை அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். சிசோமோ கூச்சக்காரி. வாய் எவ்வளவு ஆடினாலும், பின்பக்கத் துணியை விலக்க அமாயி தவிர வேறு யாரையும் விடமாட்டாள்.

அப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்த மறுநாள் விடியும்போது, பெரிய டவுனுக்கு மருந்து ஏற்ற ஒரு வண்டி கிளம்பியது. அதை விட்டால் வெள்ளம் வடியும்வரை வழி கிடையாது. தலைக்கு மண் போடவாவது போய்ச்சேரலாம் என்று கல்பனா கைப்பையோடு புறப்பட்டாள். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிவந்து சிசோமோவின் கட்டில் அருகே நின்றாள்.

அந்த ஊரில் புறப்படுகிறவர், இருக்கிறவரைப் பார்த்து 'நன்றாக இருங்கள்' என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. கல்பனாவுக்கு அது நன்றாகத் தெரியும், எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மனசெல்லாம் அப்பா. வாயில் வந்தது அப்பா சொல்லிக்கொடுத்தது. அதையே அவர்கள் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை போட்டாள். "போகிறேன், வருவேன்."

"எப்போது?" என்றாள் சிசோமோ.

வண்டி மறுபடி ஹாரன் அடித்தது. கல்பனா அவள் நெற்றியில் கைவைத்து அழுத்திவிட்டு ஓடினாள்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இவள் காகிதங்களைப் புரட்டினார். "உங்கள் வேலை அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கிறது. கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் சிக்கல் வரலாம்" என்றார். அப்பா இறந்துவிட்டார் என்றாள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வருந்துகிறேன் என்று சொல்லி முத்திரை குத்தினார். அங்கிருந்து போட்டபோதும் தமிழரசுவின் போன் அணைந்தே கிடந்தது.

சென்னையில் இறங்கி, ஊத்துக்கோட்டை வழியாகப் பிச்சாட்டூர் வந்து சேர்ந்தாள். தெருவில் பந்தல் இல்லை. பறை இல்லை. எல்லாம் முடிந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தால், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஏகாம்பரம். மடியில் தட்டு. கேழ்வரகுக் களியை உருட்டிக் கீரையில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

கல்பனா கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து தமிழரசு ஓடிவந்தான். அவன் பெண்டாட்டி யாமினி சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"ஏண்டா..." என்றாள் கல்பனா. அப்பாவைக் கைகாட்டினாள்.

"அக்கா, திருப்பதிக்குக் கண்ணு காட்ட இட்டுகினு போனேன். பஸ் ஸ்டாண்டுல என் கைய வுட்டுட்டு எங்கயோ பூட்டாரு. தேடித்தேடி, போனத் தொலச்சி, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து... கடைசில பலமனேர் தக்காளி மார்க்கெட்ல கிரேட்டு மேல உக்காந்துகினு கீறாரு. கூலி குடுத்தாத்தான் எறங்குவேன்னு சண்ட வேற."

"நீ பூட்டாருன்னு சொன்னடா!"

"ஆமா, பூட்டாருன்னுதான் சொன்னேன். செத்துட்டாருன்னா சொன்னேன்?"

"செத்தாலும் அதயேதானடா சொல்லுவ?"

தமிழரசு யோசித்தான். "அதுவும் வாஸ்தவந்தான்" என்றான்.

யாமினிக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கல்பனாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை பாதியில் சிரிப்பாகி, பயணம் செய்த உடம்பு குலுங்கிக் குலுங்கி ஓய்ந்தது. ஏகாம்பரம் இவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊசி போட வந்த தெலுங்கு நர்ஸ் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏ அம்மாயி, ஏன் அழுவற? களி துன்றியா?" என்றார்.

மறதியில் மகளை அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை. அவளுக்கு அவர் வைத்த பேர் எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது.

வந்ததும் வந்தாய், கொஞ்ச நாள் இருந்து அவருக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போ என்று தமிழரசு கேட்டுக்கொண்டான். அவனுக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை, வாரக்கடைசியில்தான் வீடு. யாமினி பகலெல்லாம் பால் கொள்முதல் நிலையத்தில். கல்பனா மருந்து மாத்திரைகளைச் சரிசெய்தாள், கதவுக்கு வெளித்தாழ் போடவைத்தாள், அவர் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதித் தைத்தாள். திரும்பிப் போக டிக்கெட் பார்த்தபோதுதான் மலாவி குடியேற்ற அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஆள் வெளியேறிவிட்டதால் அந்த விண்ணப்பம் நின்றுபோனது. புதிதாகப் போட வேண்டும். எவ்வளவு காலமாகும் என்று சொல்ல முடியாது.

சித்தூருக்குப் போய்ப் பாஸ்டர் கிரண்குமாரைப் பார்த்தாள். நல்ல மனிதர், தமிழையும் தெலுங்கு மாதிரிதான் பேசுவார்.

"தேவுனி சித்தம் அம்மா. இதுல ஏதோ பிளான் ஒண்ணு உந்தி" என்றார்.

"இருக்கலாம் ஐயா. என் தம்பி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னான், நான் தப்பாக் கேட்டேன். இது எந்தப் பிளான்ல வரும்?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலம்மா" என்றார். அந்தப் பதில் கல்பனாவுக்குப் பரவாயில்லை என்று பட்டது. இருவரும் ஜெபம் செய்தார்கள். புது விண்ணப்பம் போட்டாள்.

விண்ணப்பம் அனுப்பிய வாரமே ஏகாம்பரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எலும்பைச் சேர்த்தார்கள், ஆள் எழுந்து நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் கல்பனா செய்த முதல் காரியம், அவரை இடப்பக்கமாகப் புரட்டி முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தது. கை தானாகச் செய்தது. செய்து முடித்த பிறகுதான், அங்கே சிசோமோவை இந்த நேரத்தில் யார் புரட்டுவார்கள் என்ற நினைப்பு வந்தது.

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி மாட்டுக்குத் தவிடு கரைத்தபடியே வேலிக்கு மேலே கேட்டாள்.

"ஏன் கல்பனா, உன் ஏசு சாமி ஃபாரின்லதான் கீறாரா? இங்க ஊழியம் பண்ணா ஏத்துக்க மாட்டாரா?"

"ரெண்டு எடத்துலயும் இருக்காருன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் ஒரு எடத்துலதான் இருக்க முடியுது."

வெங்கடலட்சுமி தவிட்டுக் கையை உதறினாள். சாயங்காலம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மலாவியில் டவரை நிமிர்த்திய பிறகு, பண்டா என்கிற உள்ளூர் நர்ஸிடமிருந்து செய்தி வந்தது. கூடவே ஒரு படம். கல்பனா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். புளியங்கொட்டை அளவில் விட்டுவந்த புண் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. ஓரம் கறுத்திருந்தது.

உடனே கூப்பிட்டாள். "ஏன் பார்க்காமல் விட்டாய்?"

"வெள்ளத்தில் ஆட்கள் வந்து குவிந்தார்கள், அமாயி. நாங்கள் மூன்று பேர். இவள் துணியை விலக்க விடமாட்டேன் என்கிறாள். சின்னப் புண்தான், அமாயி வந்து பார்ப்பாள் என்கிறாள். வருவேன் என்று சொன்னீர்களாமே?"

கல்பனாவின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கே பிசகியது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. போய்ட்டு வரேன் என்றால் நம் ஊரில் விடைபெறுவது. அதைக் கேட்டு யாரும் திண்டிவனம் போனவன் எப்போது திரும்புவான் என்று வாசலில் காத்துக்கிடப்பதில்லை. ஆனால் அந்தப் பாஷையில் வருவேன் என்றால் வருவேன்தான். அது வாக்கு. அவள் வாக்கை நம்பி ஒருத்தி அசையாத உடம்போடு காத்திருந்தாள்.

"போனை அவளிடம் கொடு" என்றாள்.

சிசோமோவின் குரல் தெளிவாகத்தான் வந்தது. "அமாயி! அப்பாவைப் புதைத்துவிட்டீர்களா?"

"அவர் சாகவில்லை, சிசோமோ. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "அப்படியானால் நல்லதுதானே! எப்போது வருகிறீர்கள்?"

"பண்டாவைக் கட்டுப்போட விடு. இன்றைக்கே விடு. நான்... கடவுளுக்குச் சித்தமானால் வருவேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு சிசோமோ சொன்னாள், "போகும்போது நீங்கள் அதைச் சொல்லவில்லையே, அமாயி."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கல்பனாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு சிசோமோ கட்டுப்போட விட்டாள். பண்டா தினம் படம் அனுப்பினாள். எந்த மருந்து, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று கல்பனா இங்கிருந்து சொன்னாள். காலையில் எழுந்து பஞ்சை வேகவைக்கும்போது ஜெபிப்பாள். நீளமாக ஜெபிக்க அவளுக்கு வராது. "ஆண்டவரே, அங்க ஒருத்தி, இங்க ஒருத்தர். இங்க நான் பாத்துக்கறேன். அங்க நீங்க பாருங்க." ஏன் இப்படி நடந்தது என்று கேட்கும் நாட்களும் இருந்தன. அப்படிக் கேட்ட நாட்களில் ஏகாம்பரத்தின் முதுகைக் கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிடுவாள். அவர் திட்டுவார்.

"அம்மாயி, நீ நர்ஸா, மாடு கழுவறவளா?"

மாங்காய் லாரிகள் சித்தூர் சாலையில் போக ஆரம்பித்த சமயம், மலாவியிலிருந்து ஆஸ்பத்திரி எழுதியது. இனியும் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியவில்லை, கென்யாவிலிருந்து ஒரு நர்ஸ் வந்துவிட்டார், இத்தனை வருட ஊழியத்துக்கு நன்றி. கல்பனா அதைப் படித்துவிட்டு யாமினியிடம் சொன்னாள்.

"அண்ணி, எங்களாலதானே?" என்றாள் யாமினி. கண் கலங்கிவிட்டது. "நீங்க போறதுன்னா போங்கண்ணி. நான் வேலய வுட்டுட்டு மாமாவப் பாத்துக்கறேன்."

"எங்க போறது? அங்க எடம் இல்ல இப்ப. நீ வேலய வுடாத. போ, குக்கர் கத்துது பாரு."

யாமினி உள்ளே போன பிறகு கல்பனா வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலாவியில் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. ஜன்னலில் உலர்த்திய துணி இருக்கும். அவள் குடித்த எனாமல் டம்ளர் இருக்கும். இனி அதையெல்லாம் யாரோ ஒதுக்குவார்கள். கடவுள் தன்னை அனுப்பினார் என்று நம்பித்தான் போனாள். அனுப்பியவர் திருப்பிக் கூப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பியின் அழுகையையா அதற்குப் பயன்படுத்துவது? இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்து முடித்து, மரத்தைவிட்டுக் கையை எடுத்து, அப்பாவின் மூத்திரப் பையைக் காலிசெய்யப் போனாள்.

சிசோமோவுக்குக் காய்ச்சல் ஏறியது. புண் எலும்பைத் தொட்டுவிட்டது என்று பண்டா சொன்னாள். அதன் அர்த்தம் இரண்டு நர்ஸுகளுக்கும் தெரியும்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை காலையில். தமிழரசு வீட்டில் இருந்தான். ஏகாம்பரத்துக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் இரண்டு முறை ஒலித்து நின்றது. பண்டாவிடமிருந்து இரண்டு செய்திகள். ஒன்று எழுத்து, ஒன்று குரல். எழுத்தில் ஒரே சொல். போய்விட்டாள் என்று அந்தப் பாஷையில் இருந்தது. அவர்களும் அதற்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

கல்பனா போனைக் கவிழ்த்து வைத்தாள். முதுகைத் துடைத்து முடித்தாள். பவுடர் போட்டாள். வலப்பக்கமாகப் புரட்டி, தலையணை வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து குரல் செய்தியைப் போட்டாள். முந்தைய நாள் சாயங்காலம் பண்டா பதிவு செய்தது. முதலில் ஒரு கோழி கொக்கரித்தது. யாரோ வாளியை நகர்த்தினார்கள். பிறகு சிசோமோ, மூச்சு வாங்கி வாங்கி.

"அமாயி... நான் கோபமாக இல்லை. உங்கள் அப்பாவுக்குப் புண் வரவிடாதீர்கள்." நீண்ட மூச்சு. "அமாயி, நீங்கள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். போகிறேன், வருவேன்."

அவ்வளவுதான் இருந்தது.

கல்பனா அழுதாள். ஈரத்துணி கையில் இருந்தது. அதைப் பிழிந்துகொண்டே அழுதாள். தண்ணீர் சொட்டி நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். தமிழரசு வாசற்படிவரை வந்து நின்றான்.

கட்டிலிலிருந்து ஏகாம்பரம்தான் கேட்டார்.

"யாரு பூட்டது, அம்மாயி?"

"சிசோமோன்னு ஒருத்தி, நைனா."

"சொந்தமா?"

"ஆமா."

"சொல்லிகினு போனாளா, சொல்லாம பூட்டாளா?"

"சொல்லிட்டுத்தான் நைனா போனா."

"இன்னான்னு சொன்னா?"

கல்பனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போய்ட்டு வரேன்னு சொன்னா."

ஏகாம்பரம் முகத்தைச் சுளித்து யோசித்தார். மகள் பேர் தெரியாத, ஊர் பேர் தெரியாத, காலையில் தின்றது மதியம் தெரியாத மனிதர். ஆனால் இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"அப்டிச் சொன்னாள்ல? அப்ப வருவா" என்றார். "போறேன்னு சொல்லியிருந்தாத்தான் பயம். நீ ஏன் அழுவற?"

தமிழரசு, "நைனா, சும்மா இரு" என்றான்.

"அவர வுடுடா" என்றாள் கல்பனா. "சரியாத்தான் சொல்றாரு."

அவள் எழுந்தாள். அழுக்குத் தண்ணீர் நிறைந்த பேசினைத் தூக்கிக்கொண்டாள். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து கிழவர் குரல் பதறிக்கொண்டு வந்தது. வரவர அவருக்கு யார் அறையைவிட்டுப் போனாலும் பயம்.

"அம்மாயி! எங்க போற?"

"தண்ணி ஊத்திட்டு வரேன் நைனா. கிணத்தடி வரைக்குந்தான்."

"ஒழுங்கா சொல்லு."

கல்பனா நின்றாள். பேசின் விளிம்பில் தண்ணீர் தளும்பியது.

"போய்ட்டு வரேன் நைனா" என்றாள்.

போய், தண்ணீரை வாழைக்கு ஊற்றி, பேசினை மண்போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். முகம் கழுவிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்தாள். அவரை இடப்பக்கம் புரட்ட இன்னும் நேரம் இருந்தது. முக்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.